ஹார்வீஸ் கேசினோ, 1980: விட்டதைப் பிடிக்கப் போன சூதாடி

கேசினோவைக் கொள்ளையடிக்கத் திட்டம் போடும் வயதான சூதாடி என்றதும் நமக்கு சினிமாதான் நினைவுக்கு வரும். கோட்டு சூட்டு, சிகரெட், கூடவே ஐந்தாறு கில்லாடிகள், கடைசியில் போலீஸின் கண்ணில் மண். நிஜத்திலும் அப்படி ஓர் ஆள் இருந்தார். பெயர் ஜான் பிர்கெஸ். அப்போது அவருக்கு வயது 58. கூட்டாளிகளில் இரண்டு பேர் அவர் பெற்ற பிள்ளைகள். அவர் கேசினோவின் பெட்டகத்தை உடைக்கவில்லை, யாரிடமும் துப்பாக்கியை நீட்டவில்லை. சுமார் 450 கிலோ டைனமைட்டை விடுதிக்குள் வைக்கச் செய்துவிட்டு, 30 லட்சம் டாலரை அவர்களே கொண்டுவந்து தர வேண்டும் என்று கடிதம் எழுதினார்.

அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. இந்த வழக்கை அந்த வெடிகுண்டுக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அதைவிட சுவாரசியமாகப் படுவது திட்டம் முழுக்கத் தெரியும் சூதாடியின் புத்தி. குண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால், இது கடைசிப் பந்தயம் கட்டிய ஒரு ஆளின் கதை.

ஆளும் இடமும்

பிர்கெஸ் 1922இல் ஹங்கேரியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படைக்காக விமானம் ஓட்டியதாகவும், பிறகு சோவியத் கடுங்காவல் முகாமுக்கு 25 ஆண்டுத் தண்டனையில் அனுப்பப்பட்டு, எட்டு ஆண்டுகளில் வெளியே வந்ததாகவும் அவருடைய வாழ்க்கைக் கதை சொல்கிறது. 1950களின் பிற்பகுதியில் மனைவியோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ பகுதியில் தோட்டம், புல்வெளி அமைத்துத் தரும் ஒப்பந்தத் தொழில். வெறுங்கையோடு வந்தவர் அதில் கோடீஸ்வரர் ஆனார். உலோக வேலை, மின் வேலை எல்லாம் கைவந்த மனிதர். இரண்டு மகன்கள். அப்பாவுக்குப் பயந்தே வளர்ந்தோம் என்று அவர்கள் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்கள். இந்த விவரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு கடைசியில் அங்கேதான் வந்து நிற்கப் போகிறது.

பணம் வந்த பிறகு சூதாட்டமும் வந்தது. கலிஃபோர்னியாவும் நெவாடாவும் தொட்டுக்கொள்ளும் எல்லைக்கோட்டில், டாஹோ ஏரிக்கரையில், ஸ்டேட்லைன் என்று ஒரு சிற்றூர். நெவாடாவில் 1931 முதல் கேசினோ சட்டப்படி நடக்கிறது, கலிஃபோர்னியாவில் அப்போது அதற்கு இடமில்லை. அதனால் கோட்டைத் தாண்டிய உடனேயே கேசினோக்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்று ஹார்வீஸ். சாக்ரமெண்டோவில் இறைச்சி வியாபாரம் செய்துகொண்டிருந்த ஹார்வி குரோஸ் என்பவர் 1944இல் சின்ன மதுக்கடையாகத் தொடங்கி, 1960களில் 11 மாடிக் கட்டடமாக வளர்த்த இடம். அங்கே மட்டும் பிர்கெஸ் விட்டது ஏழரை லட்சம் டாலர்.

ஏழரை லட்சத்தை ஒரு மனிதர் எப்படி விடுவார் என்று கேட்கலாம். அதில் மர்மம் எதுவும் கிடையாது, கணக்குதான். அமெரிக்க ரூலெட் ஆட்டத்தில் சுழலும் சக்கரத்தில் பந்து விழ 38 குழிகள். ஒரு எண்ணில் ஒரு டாலர் கட்டி ஜெயித்தால், கட்டிய டாலரோடு சேர்த்துக் கையில் வருவது 36 டாலர். அந்த இரண்டு குழி வித்தியாசம் கேசினோவுக்கு. நூறு டாலர் கட்டினால் சராசரியாக ஐந்தேகால் டாலர் அவர்களுக்குப் போகும். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் சரியாக ஆடத் தெரிந்தவருக்கு இழப்பு விகிதம் இன்னும் குறைவு. ஆனால் அதில் மணிக்கு ஐம்பது அறுபது கை ஆடலாம். ஒரு கைக்கு நூறு டாலர் வைத்து, இரண்டு சதவீதம் இழக்கிற மாதிரி ஆடினாலே, ஒரு மணி நேரத்தில் நூறு டாலருக்கு மேல் சத்தமில்லாமல் கரையும். ராத்திரி முழுக்க உட்கார்ந்தால் ஆயிரம். கோபத்தில் பந்தயத்தை உயர்த்திக்கொண்டே போனால் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. பெரிதாக விடுகிற ஆளுக்கு கேசினோ அறை, சாப்பாடு, குடி எல்லாம் இலவசமாகத் தரும். நீங்கள் சராசரியாக எவ்வளவு கட்டுகிறீர்கள், எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள், அந்த ஆட்டத்தில் அவர்களுக்கு எத்தனை சதவீதம் என்று பெருக்கி, வரப்போகிற லாபத்தில் ஒரு பங்கைத்தான் உபசாரமாகத் திருப்பித் தருகிறார்கள். வாங்கிக்கொள்பவருக்கோ அது தன் அந்தஸ்துக்குக் கிடைத்த மரியாதை மாதிரி தெரியும். பணம் தீர்ந்த அன்று மரியாதையும் தீர்ந்துவிடும். ஊரில் மதிப்பாக வாழ்ந்த ஒரு முதலாளிக்கு இரண்டில் எது அதிகம் வலிக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை.

சூதாட்டக்காரர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு ஒன்று உண்டு: விட்ட இடத்தில்தான் பிடிக்கணும். வேறு எங்கே பணம் சம்பாதித்தாலும் அவர்களுக்கு அது கணக்கில் வராது. பிர்கெஸ் குறி வைத்தது வங்கியையோ நகைக்கடையையோ அல்ல, தன்னை மொட்டையடித்த அதே ஹார்வீஸை. கேட்ட தொகையையும் பாருங்கள். விட்டது ஏழரை லட்சம், கேட்டது 30 லட்சம், அதாவது சரியாக நாலு மடங்கு. அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் கேட்டார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் தோற்கத் தோற்கப் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் ஆளின் வாசனை அந்தத் தொகையில் அடிக்கிறது.

பெட்டி

அவருக்கு வேண்டிய டைனமைட் கடையில் கிடைக்கவில்லை, திருட்டில் கிடைத்தது. ஃபிரெஸ்னோவுக்குக் கிழக்கே மலைப்பகுதியில் ஹெல்ம்ஸ் என்ற நீர்மின் திட்டத்துக்கு அப்போது பாறை உடைத்துச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த வெடிமருந்துக் கிடங்கிலிருந்து பெட்டி பெட்டியாகப் போனது. பிள்ளைகளுக்கும் அதில் பங்கு இருந்தது.

1980 ஆகஸ்ட் 26, செவ்வாய்க்கிழமை. விடிவதற்கு முன்பே வெள்ளை உடை போட்ட இரண்டு பேர் (மகன்கள் அல்ல, வேறு கூட்டாளிகள்), சக்கரம் வைத்த கனமான சாமான் ஒன்றை ஹார்வீஸுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேலே போர்த்திய துணியில் ஐபிஎம் என்று எழுதியிருந்தது. ஜெராக்ஸ் மெஷின் இறக்க வந்தவர்கள் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இரண்டாம் மாடியில், அலுவலக அறைகள் இருக்கும் பக்கத்தில் அதை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். இருபத்து நாலு மணி நேரமும் ஆள் நடமாடும் இடத்தில், கேமராவும் காவலும் பணம் எண்ணும் இடத்தையே குறியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில், அலுவலகச் சாமானை யார் நிறுத்தி விசாரிக்கப் போகிறார்கள்? அந்த நுட்பத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

துணியை விலக்கிப் பார்த்தபோது தெரிந்தது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இரும்புப் பெட்டிகள். கீழே இருந்தது பெரியது, மேலே இருந்தது சின்னது. சின்னப் பெட்டியின் முகப்பில் 28 சுவிட்சுகள் வரிசை வரிசையாக. எதற்கு எது என்று ஒரு குறிப்பும் இல்லை. தோட்ட வேலைக்காரர் தன் பட்டறையில் செய்த வேலை என்று யாரும் நம்பமாட்டார்கள். அவ்வளவு சுத்தமான வேலைப்பாடு.

பக்கத்திலேயே மூன்று பக்கக் கடிதம். அதன் தொனி மிரட்டல் கடிதத்தின் தொனியாகவே இல்லை, புது இயந்திரத்தோடு வரும் உபயோகக் குறிப்பு மாதிரி இருந்தது. நகர்த்தாதே, சாய்க்காதே, துளி அசைவும் போதும் வெடிக்க. தண்ணீர் ஊற்றாதே, வாயு செலுத்தாதே, உள்ளே அதற்கும் பொறி இருக்கிறது. திருகாணியைத் தொடாதே, கால் சுற்று சுற்றினாலும் முடிந்தது. இதைச் செய்தவனாலும் இனி இதைச் செயலிழக்க வைக்க முடியாது. பயன்படுத்திய நூறு டாலர் நோட்டுகளாக 30 லட்சம் கொடுத்தால், பெட்டியைப் பாதுகாப்பாக வெளியே எடுத்துப் போய் வெடிக்க வைக்கும் வழியை மட்டும் சொல்லித் தருவோம். பணம் ஹெலிகாப்டரில் வர வேண்டும், ஓட்டுபவரைத் தவிர வேறு ஆள் கூடாது.

இந்தக் கடிதத்தில் எனக்கு விநோதமாகப் படுவது, குண்டைப் பற்றி அதில் எழுதியதில் பெரும்பகுதி வெறும் பயமுறுத்தல் இல்லை என்பதுதான். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்த நிபுணர்களே திகைத்துப்போனார்கள். அமெரிக்காவில் அதுவரை தனியார் ஒருவர் கையால் செய்த குண்டுகளில் இவ்வளவு சிக்கலானதை அவர்கள் பார்த்ததில்லை. அதன் மாதிரி ஒன்றை எஃப்.பி.ஐ. பிற்பாடு பயிற்சிக்கே பயன்படுத்தியது.

ஆனால் அந்த உண்மையிலேயே திட்டத்தின் முதல் ஓட்டை இருக்கிறது. பணம் பறிக்கும் மிரட்டல் எதுவும் ஒரு பேரம். பணத்தைக் கொடுத்தால் தொல்லை தீரும் என்று எதிராளிக்கு நம்பிக்கை வர வேண்டும். செய்தவனாலேயே நிறுத்த முடியாத குண்டு என்று எழுதிவிட்டு, அரை டன் எடையை எங்கோ உருட்டிக்கொண்டு போய் வெடித்துக்கொள் என்றால், ஹோட்டல்காரர் எதை நம்பிக் கொடுப்பார்? தன் கைவேலையின் பெருமையில் பிர்கெஸ் அந்தக் கேள்வியையே கேட்டுக்கொள்ளவில்லை என்று தோன்றுகிறது.

எரியாத விளக்கு

ஹோட்டலைக் காலி செய்தார்கள். நூற்றுக்கணக்கான விருந்தாளிகள், ஊழியர்கள், பக்கத்துக் கட்டடங்களில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே. உள்ளூர் ஷெரீஃப் அலுவலகம், தீயணைப்புத் துறையின் வெடிகுண்டுப் பிரிவு, எஃப்.பி.ஐ., வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் என்று ஒரு பெரிய கூட்டம் பெட்டியைச் சுற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது, இன்னொரு பக்கம் அன்று இரவே பணம் கைமாறும் வேலை நடந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கேசினோவுக்குள் புகுந்து பணத்தை எடுப்பது ஏன் கஷ்டம் என்பது பிர்கெஸுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். மேசைகளுக்கு மேலே கண்காணிப்பு, பணம் இருக்கும் அறைக்குக் கூண்டு, ஓடினால் துரத்த ஆள். 58 வயதில் அதெல்லாம் ஆகிற காரியமா? அதனால்தான் பணத்தை அவர்கள் கையாலேயே வெளியே வரவைக்கப் பார்த்தார். ஆனால் இப்படிச் செய்தால் ஆபத்து ஒழிந்துவிடாது, இடம்தான் மாறும். பணத்தைக் கையில் வாங்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு அது போய்ச் சேர்ந்துவிடும். ஆளைக் கடத்திப் பணம் கேட்கும் வழக்குகளில் எத்தனையோ பேர் பிடிபடுவது அந்த நிமிடங்களில்தான்.

30 லட்சம் டாலர் நூறு டாலர் நோட்டாக என்றால் 30,000 நோட்டுகள். ஒரு நோட்டின் எடை ஒரு கிராம். ஆக 30 கிலோ மூட்டை. அதை ராத்திரியில், மலைக்காட்டில், ஹெலிகாப்டரிலிருந்து வாங்கி, காரில் ஏற்றி, ஓட வேண்டும்.

ஏற்பாடு இதுதான். ஹெலிகாப்டர் டாஹோ விமான நிலையத்தில் இறங்க வேண்டும், அங்கே அடுத்த உத்தரவு கிடைக்கும், அதன்படி நெடுஞ்சாலை 50 ஐ ஒட்டி மேற்கே பறக்க வேண்டும், கீழே மின்னி மின்னி எரியும் விளக்கு ஒன்று தெரியும் இடத்தில் பணத்தைச் சேர்க்க வேண்டும். ஓட்டியவர் எஃப்.பி.ஐ. ஆள். சொன்னபடியே பறந்தார். விளக்கு தெரியவில்லை. திரும்பிவிட்டார்.

காரணம்? விளக்குக்குப் போடப் பேட்டரி இல்லை. காட்டுக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தக் கோஷ்டிக்கே அது தெரிந்தது. நூறு விதமாகத் தொட்டாலும் வெடிக்கும் பெட்டியை மாதக்கணக்கில் இழைத்து இழைத்துச் செய்தவர், பணம் வந்து சேரும் ஒரே வழியான விளக்கை முன்கூட்டி ஒரு முறை எரித்துப் பார்க்கவில்லை. மாற்று இடம், மாற்று அடையாளம் என்று இரண்டாவது திட்டமும் உருப்படியாக இல்லை. கல்யாணத்துக்குப் பந்தலை அமர்க்களமாகப் போட்டுவிட்டுத் தாலியை வீட்டில் மறந்து வந்த மாதிரி.

இது வெறும் ஞாபகமறதி என்று நான் நினைக்கவில்லை. சூதாடிக்கு ஆட்டத்தின் மேல் இருக்கும் கவனம், ஆட்டம் முடிந்து எழுந்துபோவதன் மேல் இருக்காது. ஜெயித்த கையோடு மேசையை விட்டு எழுந்து, பணத்துக்குப் பதில் வைத்தாடும் சிப்ஸ் வில்லைகளைப் பணமாக மாற்றிக்கொண்டு, வண்டி ஏறி வீட்டுக்குப் போகத் தெரிந்திருந்தால் பிர்கெஸ் ஏழரை லட்சம் விட்டிருக்கவே மாட்டார். குண்டு அவருக்கு ஆட்டம், காட்டில் பணம் வாங்குவது எழுந்துபோகும் வேலை. முதலாவதில் உயிரைக் கொடுத்தார், இரண்டாவதைக் கோட்டை விட்டார்.

ஆகஸ்ட் 27

பணம் கைமாறவில்லை, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நிபுணர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சுவிட்சுகள், கம்பிகள் எல்லாம் மேல் பெட்டியில், வெடிமருந்து கீழ்ப் பெட்டியில் என்பது அவர்களுடைய ஊகம். அப்படியானால், திசை குறித்து வைத்த சிறு வெடி ஒன்றால் மின்சாரம் கீழே பாய்வதற்குள் இரண்டையும் தனியாக வெட்டிவிடலாம். மூளையையும் உடம்பையும் பிரிக்கும் யோசனை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிர்கெஸ் மேல் பெட்டிக்குள்ளும் டைனமைட் வைத்திருந்தார்.

பிற்பகல் 3.46க்கு ஹார்வீஸ் வெடித்தது. தொலைக்காட்சிக் கேமராக்கள் தயாராகக் காத்திருந்ததால் அந்தக் காட்சி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. கட்டடத்தின் நடுவிலிருந்து புழுதி பீறிட்டு வருகிறது. உள்ளே சில மாடிகளைத் துளைத்துக்கொண்டு பெரிய பள்ளம். எதிரே இருந்த ஹர்ராஸ் கேசினோவின் கண்ணாடிகளும் நொறுங்கின. சேதம் 1 கோடியே 80 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை. நிபுணர்களின் முடிவைக் குறை சொல்பவர்கள் இந்தக் கடைசி விவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கட்டடம் போனது, ஆள் போகவில்லை. தொடாமல் விட்டிருந்தாலும் பெட்டி சும்மா இருந்திருக்காது.

வீட்டுக்குள்ளிருந்து கசிந்தது

விசாரணை ஒரு வருடம் இழுத்தது. பெரிய பரிசுத்தொகை அறிவித்தார்கள். கடைசியில் விஷயம் வெளியே வந்தது பிர்கெஸின் மகன்களில் ஒருவன் வழியாக. அவன் தன் காதலியிடம், ஹார்வீஸில் குண்டு வைத்தது என் அப்பாதான் என்று சொல்லியிருந்தான். பிறகு இருவரும் பிரிந்துவிட்டார்கள். அந்தப் பெண் வேறொருவரோடு பழகிக்கொண்டிருந்தபோது பரிசு பற்றிய பேச்சு காதில் விழ, தனக்குத் தெரிந்ததைப் புது நண்பரிடம் சொன்னாள். அவர் எஃப்.பி.ஐ.க்குப் போன் போட்டார். 1981 ஆகஸ்டில் பிர்கெஸ் கைதானார். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த இரண்டு பேரும் மாட்டினார்கள்.

பிள்ளைகள் இருவரும் அப்ரூவர் ஆனார்கள். அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னதற்குப் பதிலாக அவர்களுக்குச் சிறை இல்லை. இதைத் துரோகம் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிரட்டிச் சேர்த்த ஆள் மிரட்டல் நிற்கும்வரைதான் கூட நிற்பான், அது சொந்த மகனாக இருந்தாலும். எல்லாவற்றுக்கும் வெளியாட்களையே வைத்துக்கொண்டால் பங்கு கேட்பார்கள், உளறுவார்கள் என்று குடும்பத்தைச் சேர்த்திருக்கலாம். ஆனால் இருபது வயதுப் பையன் நெஞ்சில் இப்படி ஒரு ரகசியத்தை எத்தனை மாதம் வைத்திருப்பான்? பெட்டிக்குள் அத்தனை பொறி வைத்தவர் இதற்கு ஒரு வழியும் யோசிக்கவில்லை.

முதலில் மத்திய நீதிமன்றத்திலும், பிறகு நெவாடா மாநில நீதிமன்றத்திலும் வழக்கு நடந்தது. பரோலில் வெளிவர முடியாத ஆயுள் தண்டனை. 1996இல் நெவாடா சிறையிலேயே புற்றுநோயால் இறந்தார், அப்போது வயது 74. ஹார்வீஸில் சேதமடையாத பகுதியைச் சீர்செய்து சீக்கிரமே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள், ஹோட்டலை முழுதாகத் திருப்பிக் கட்டத்தான் நாளானது. ஏழரை லட்சத்தில் ஒரு டாலரும் திரும்பவில்லை.